ராஜமதி ஓடிய அரை மைல்

1. விழுந்த நாள்

ராஜமதி முடிவுக் கோட்டில் பிடித்திருந்த நூலை நெஞ்சால் அறுத்துக்கொண்டு போனாள். சில எட்டுகள் வைத்தாள். பிறகு முழங்கால் மடிந்து, பக்கவாட்டில் சரிந்து புழுதியில் விழுந்தாள். அவளுக்கு அடுத்து வந்த பெண் அப்போதுதான் கடைசி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தாள்.

இது ரோம் ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருஷம், செஞ்சியில் நான் வேலை பார்த்த உயர்நிலைப் பள்ளியின் மைதானத்தில் நடந்தது. நான் அங்கே டிரில் மாஸ்டர். உடற்பயிற்சி ஆசிரியர் என்று சம்பளப் பட்டியலில் இருக்கும். ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. இப்போது இந்த வேலைக்கு வருகிற இளைஞர்களுக்காக என் அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நான் பயிற்சி கொடுத்துக் கோப்பை வாங்கிய பிள்ளைகளைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். இந்தப் பெண்ணைப் பற்றி நான்தான் எழுத வேண்டும்.

அன்று கடலூரில் நடக்கவிருந்த மாவட்டப் போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாள். தலைமையாசிரியர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கடைவீதி வியாபாரிகள் சிலரும் வந்திருந்தார்கள். கோப்பைகளை அவர்கள்தான் வாங்கித் தருவது. பெண்களுக்கும் அரை மைல் உண்டு, விருப்பமுள்ள பள்ளிகள் அனுப்பலாம் என்று அந்த வருஷம்தான் முதல்முறையாகச் சொல்லியிருந்தார்கள். அனுப்பலாம் என்று தலைமையாசிரியரைச் சம்மதிக்க வைத்தவனே நான்தான்.

ராஜமதியின் முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கண் திறந்தாள். பள்ளிப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு உதட்டில் வைத்தேன். வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினாள். மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியர் எழுந்து வந்துவிட்டார்.

"இன்னா மாஸ்டர் இது? இந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆயிருந்தா அவங்க நைனாவுக்கு நீங்க பதில் சொல்லுவீங்களா, நான் சொல்லணுமா?"

சுற்றிலும் கூட்டம். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்க எனக்கு ஒரு வழி கிடைத்தது. நான் படித்தவன், எனக்கு ஒலிம்பிக் சரித்திரம் தெரியும்.

"சார், இது ஒலிம்பிக்ஸ்லயே நடந்திருக்கு. ஆம்ஸ்டர்டாம்ல, இருபத்தெட்டுல, பெண்களை எண்ணூறு மீட்டர் ஓடவிட்டாங்க. எல்லாரும் சுருண்டு சுருண்டு விழுந்தாங்க. பெண்ணோட உடம்பு அந்தத் தூரத்துக்குத் தாங்காதுன்னு அந்தப் போட்டியையே எடுத்துட்டாங்க."

எண்ணூறு மீட்டரும் அரை மைலும் ஏறக்குறைய ஒரே தூரம். அதையும் விளக்கினேன்.

தலைமையாசிரியர் முகம் தெளிந்தது. பழி அவர் மேலும் இல்லை, என் மேலும் இல்லை. பெண்ணின் உடம்பு மேல் போய்விட்டது. "ஒலிம்பிக்ஸ்லயே எடுத்துட்டாங்களா? அப்பறம் நமக்கு எதுக்கய்யா இந்த வம்பு? லிஸ்ட்லேருந்து அடிச்சிடுங்க அத," என்றார்.

வியாபாரி ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "வெள்ளக்காரிங்களே வுழுந்துட்டாளுங்களாம். மல்லாட்டக் கொல்லையில களை எடுக்கிற பொண்ணு எம்மாத்திரம்?"

அவர் கொஞ்சம் யோசித்திருந்தால், களை எடுக்கிற பெண்தான் அதிகம் தாங்குவாள் என்று அவருக்கே தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

2. எனக்குத் தெரிந்த சரித்திரம்

சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியில் படிக்கும்போதே எனக்கு ஒலிம்பிக் சரித்திரத்தில் பைத்தியம். பழைய கிரேக்கத்தில் ஒலிவ இலைக் கிரீடம் சூட்டியது, பல நூற்றாண்டு நின்றுபோனது, ஏதென்ஸில் மறுபடி தொடங்கியது, இரண்டு உலகப் போர்களில் நடக்காமல் போனது எல்லாம் மனப்பாடம். மழை பெய்து மைதானம் சேறாகும் நாட்களில் பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைத்து இவற்றைச் சொல்லுவேன். ஆம்ஸ்டர்டாம் வரும்போது என் குரல் உயர்ந்துவிடும். நம் நாடு ஹாக்கியில் முதல் தங்கம் வாங்கியது அங்கேதான்.

அதே ஆம்ஸ்டர்டாமில்தான் பெண்கள் முதல்முறையாக ஓட்டப் போட்டிகளில் சேர்க்கப்பட்டார்கள். எண்ணூறு மீட்டர் கதையை எங்கள் விரிவுரையாளர் ஒருவர் நடித்தே காட்டினார். பெண்கள் எப்படித் தள்ளாடினார்கள், எப்படி விழுந்தார்கள் என்று செய்துகாட்ட, நாங்கள் எல்லாரும் சிரித்தோம். ஆண்கள் மட்டுமே இருந்த வகுப்பு அது. கதை மனதில் அப்படியே தங்கிவிட்டது.

அதன் பிற்பகுதியும் எனக்குத் தெரியும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ரோம் ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு எண்ணூறு மீட்டரை மறுபடி சேர்த்தார்கள். ஹாக்கி இறுதி ஆட்டத்தில் நாம் பாகிஸ்தானிடம் தோற்ற அந்த நாட்களில் நான் ஆங்கிலப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படித்தேன். முடிவுகள் அச்சான சின்ன எழுத்துப் பத்தியில் அதுவும் இருந்தது. பெண்கள் ஓடினார்கள், முடித்தார்கள், பதக்கம் வாங்கினார்கள். படித்துவிட்டு, பரவாயில்லையே என்று நினைத்தேன். கடலூர் போட்டிக்கு ராஜமதியை அனுப்பலாம் என்ற தைரியமே எனக்கு அந்தப் பத்தியிலிருந்துதான் வந்தது.

அவள் விழுந்தபோது அந்தப் பத்தியை விட்டுவிட்டு, பழைய கதையை மட்டும் எடுத்தேன்.

3. பொழுது

ராஜமதியின் ஊர் செஞ்சியிலிருந்து மூன்று மைல். ஊர்ப் பெயர் வேண்டாம். அவள் அப்பா அப்பாண்டை நயினார் சமண வேளாளர்; அந்தப் பக்கத்தில் சமணரை நயினார் என்றுதான் சொல்வார்கள். மேல்சித்தாமூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கொஞ்சம் நிலமும் அதில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் அவருடையது. ராஜமதி பதினோராம் வகுப்பு, அப்போது பள்ளியில் அதுதான் கடைசி வகுப்பு. அதற்கு மேல் படிப்பு என்பது அந்தக் காலத்தில் அந்த மாதிரி வீடுகளில் பேச்சே இல்லை. ஆனால் ஒரு வழி இருந்தது. பெண்கள் பள்ளிகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியைகள் கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தார்கள். மாவட்டப் போட்டியில் இடம் பிடித்த பெண் கேட்டால், சென்னையில் பயிற்சிக்கு இடமும் விடுதியும் கிடைத்துவிடும். இதை அவளிடம் சொன்னதும் நான்தான். மறுநாளே வந்து, "நைனா சரின்னுட்டாரு சார்," என்றாள். அதற்கு முன்னால் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

பாவாடையைத் தூக்கிச் செருகி, தாவணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல் ஓடுவாள். முதல் சுற்றில் யாரையும் முந்தமாட்டாள். இரண்டாம் சுற்றில் மற்றவர்கள் வாயால் மூச்சு வாங்கும்போது அவள் மூக்கால் விட்டுக்கொண்டு தாண்டிப் போவாள். இது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. தினமும் பள்ளி விட்டதும் மூன்று மைலும் பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போகிறாள் என்பது பிற்பாடு தெரிந்தது. பொழுது இறங்குவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். இறங்கிவிட்டால் அன்றைக்குச் சோறு கிடையாது. சமண வீடுகளில் ராத்திரி சாப்பிடமாட்டார்கள்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, கூட வேலை பார்க்கிறவர்களோடு மட்டும் பழகிக்கொண்டு இருந்தேன். செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் இத்தனை சமணக் குடும்பங்கள் இருப்பது தெரியும். அவர்கள் எப்போது சாப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

போட்டி நெருங்கியதும் மாலைப் பயிற்சியை நீட்டினேன். கார்த்திகை மாதம். எங்கள் மைதானத்தில் சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கும். இறங்கிய பிறகும் வானத்தில் நல்ல வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தில் இன்னும் ஒரு சுற்று ஓடலாம். ராஜமதி அப்போதெல்லாம் வந்து நிற்பாள்.

"சார், பொழுது பூடுது சார்."

"மலைக்குப் பின்னாலதானே போயிருக்கு. வெளிச்சம் இருக்குல்ல. ஓடு."

அவள் போய் ஓடுவாள். மற்றப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். "இவங்க ஊட்டு அடுப்புக்கு ராவுல லீவு சார்," என்று ஒருத்தி சொன்னாள். ஏதோ பெண்பிள்ளைகளின் கேலி என்று விட்டுவிட்டேன். அதுதான் காரணம், அது அங்கேயே என் முன்னால் சொல்லப்பட்டுவிட்டது. இப்படி எத்தனை நாள் அவள் வெறும் வயிற்றோடு படுத்திருப்பாள் என்று நான் பிறகு கணக்குப் பார்க்கப் பயந்தேன்.

4. அப்பாண்டை நயினார் கேட்ட கேள்வி

அவள் விழுந்த மறுநாள் காலையில் அப்பாண்டை நயினார் பள்ளிக்கு வந்தார். நான் விளையாட்டுச் சாமான் அறையைத் திறந்துகொண்டிருந்தேன். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வெளியிலேயே நின்றார். மேல்துண்டைக் கையில் வைத்திருந்தார்.

"மாஸ்டர், பொண்ணுக்கு சீக்கு ஒண்ணும் கெடையாது. நாங்க நயினாருங்க. பொழுது பூட்டா எங்க ஊட்டுல சோறு கெடையாது. முந்தாநாளு நீங்க லேட்டா வுட்டீங்க, வந்து அப்படியே படுத்துட்டா. நேத்து சதுர்த்தசி. அவங்க அம்மாகூட சேந்து இவளும் நோம்பு. பச்சத் தண்ணி இல்லாம ஓடியிருக்கா. மயக்கம் வராம இன்னா வரும்?"

நான் டம்ளரை உதட்டில் வைத்தபோது ஏன் தலையை ஆட்டினாள் என்பது அப்போது புரிந்தது. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். வகுப்பில் கிண்டல் பண்ணுகிறார்களாம், அதனால் வாய் திறக்க வெட்கம், தேர்வு நாளை மாற்றச் சொல்லிக் கேட்டால் எங்கே தன்னை விட்டுவிடுவார்களோ என்று பயம், என்றார்.

"உங்க மேல குத்தம் சொல்ல வரல மாஸ்டர். அவள ஓட வுடுங்க, அத்த கேக்கத்தான் வந்தேன். அந்த டிரெய்னிங்ல எடம் கெடச்சா படிக்கட்டும்னு அவகிட்ட வாக்கு குடுத்துட்டேன். கெடைக்கலன்னா எங்க அக்கா மவனுக்குக் கட்டறதா பேச்சு. எது வாய்க்குதோ வாய்க்கட்டும். ஆனா அவ ஓடிப் பாக்கணும்."

தலைமையாசிரியர் முடிவு செய்துவிட்டார் என்றேன். அரை மைலுக்குப் பதிலாக அவளை நூறு கஜ ஓட்டத்தில் சேர்த்திருக்கிறோம் என்றேன். நூறு கஜத்தில் அவளுக்கு வேகம் போதாது என்பது எனக்குத் தெரியும்.

"கடத்தெருவுல பேசிக்கிறாங்க. வெளிநாட்டுல பொம்பளைங்க ஓடி வுழுந்தாங்கன்னு நீங்க சொன்னீங்களாம்."

"ஆமா."

"அது எப்பயோ நடந்ததுன்றாங்க. இப்பவும் அங்கல்லாம் பொம்பளைங்க அவ்ளோ தூரம் ஓடறதில்லியா மாஸ்டர்?"

அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. ஆனால் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார். பதில் என் கையில் இருந்தது. ரோம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதைச் சொன்னால் நான் தலைமையாசிரியர் அறைக்குப் போய், நேற்று கூட்டத்தில் நான் சொன்னது அரைகுறை, பெண்ணைப் பட்டினியில் ஓடவைத்தது என் தவறு என்று சொல்ல வேண்டும். மைதானத்திலிருந்து அந்த அறைக்கு ஒரு நிமிஷ நடை. தலைமையாசிரியர் கெட்டவரும் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருப்பார், அவ்வளவுதான்.

"இல்லை," என்றேன்.

அப்பாண்டை நயினார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

5. அதன் பிறகு

கடலூரில் நூறு கஜ ஓட்டத்தில் ராஜமதி முதல் சுற்றிலேயே வெளியேறினாள். அரை மைல் ஓட்டத்தை நானும் அவளும் ஒரே வேப்பமரத்தடியில் நின்று பார்த்தோம். சில பெண்கள்தான் ஓடினார்கள். யாரும் விழவில்லை. ஜெயித்த பெண்ணின் ஓட்டத்தைப் பார்த்தபோதே ராஜமதி இதைவிட நன்றாக ஓடுவாள் என்று தெரிந்தது. அது அவளுக்கும் தெரிந்திருக்கும். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் மைதானத்தில் சொன்னது கடைவீதி வழியாக ஊர் ஊராகப் போயிற்று. போகப் போக ஒலிம்பிக்ஸ் உதிர்ந்துவிட்டது, ஆம்ஸ்டர்டாம் உதிர்ந்துவிட்டது. நயினார் பெண் மயங்கி விழுவாள் என்பது மட்டும் மிஞ்சியது. பிறகு அது வலிப்பு என்று ஆயிற்று. அக்கா மகன் வீட்டில் பின்வாங்கிக்கொண்டார்கள். படிப்பும் இல்லை, பேசிவைத்த இடமும் இல்லை. பள்ளி இறுதித் தேர்வு முடிந்த அடுத்த வருஷம், தொண்டூரில் முதல் மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்றும் வழக்கம்போல விசில் ஊதி டிரில் நடத்தினேன்.

டோக்கியோ ஒலிம்பிக்ஸ் வந்தது. ஹாக்கித் தங்கம் மறுபடி நமக்குக் கிடைத்தது. தலைமையாசிரியர் உற்சாகமாக, பள்ளி முழுவதையும் கூட்டி ஒலிம்பிக் வரலாற்றைப் பேசச் சொன்னார். பேசினேன். கிரேக்கம் முடிந்து, ஏதென்ஸ் முடிந்து, ஆம்ஸ்டர்டாம் என்று சொன்னதும் அதற்கு மேல் வரவில்லை. பிள்ளைகள் ஹாக்கிக்காகக் கைதட்டத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்கான எண்ணூறு மீட்டர் டோக்கியோவிலும் நடந்திருந்தது. அந்த முடிவை நான் அந்த வாரம்தான் படித்திருந்தேன். எப்படியோ சமாளித்து ஹாக்கியைச் சொல்லி இறங்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு தொண்டூருக்குப் போனேன்.

6. தொண்டூரில்

ராஜமதி களத்தில் மல்லாட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மூத்தாளின் பையன் குவியலில் உட்கார்ந்து காய் உடைத்துத் தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க சார்," என்றாள். உள்ளே போய், துணியில் வடிகட்டிய தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். நைனா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இருக்கிறார் என்றாள். அதற்கு மேல் சுற்றிப் பேச எனக்குத் தைரியம் இல்லை, சொல்லிவிட்டேன். நீ விழுவதற்கு முந்தின வருஷமே ரோமில் பெண்கள் அந்தத் தூரம் ஓடினார்கள், அது எனக்குத் தெரியும், உன் அப்பா கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன்.

அவள் கால் விரலால் காய்களைக் கிளறிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டாள். நான் முடித்த பிறகும் கிளறிக்கொண்டிருந்தாள்.

"நூல அறுத்த பிறகுதான சார் வுழுந்தேன்?"

"ஆமாம்மா."

"மொதல்லதான வந்தேன்?"

"முதல்லதான் வந்தே. ரெண்டாவது வந்த பொண்ணு ரொம்பத் தூரத்துல இருந்தா."

"அத்த ஒருத்தரும் சொல்லல சார். எங்க நைனாவுக்கே தெரியாது. நான் சொன்னா, வுட்டுக்குடுக்காம பேசறேன்னு நெனச்சிக்கினாரு. வுழுந்தது மட்டும்தான் ஊருக்கெல்லாம் தெரியும்."

மன்னிக்கும்படி கேட்டேன். வீட்டுக்காரர் வருகிற நேரம் என்றாள். "அந்தக் கதைய இங்க யாருகிட்டயும் எடுக்காதீங்க சார். இவங்ககிட்ட மறச்சித்தான் கட்டிக் குடுத்தாங்க." பிறகு பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சாக்கால் காய்களை மூடப் போய்விட்டாள்.

பாரத்தை இறக்கிவைக்கப் போனேன். என் வாயால் உண்மையைச் சொன்னால்கூட அவளுக்குக் கெடுதல் வரும் என்ற இடத்தில் அவளை நிறுத்தியிருந்தேன். அவளும் அவள் வீட்டுக்காரரும் இப்போது உயிரோடு இல்லை, அதனால்தான் இதை எழுத முடிகிறது. பெயரையும் நான் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

திரும்பி வந்து தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நடந்து முடிஞ்சதுய்யா. இப்ப எதுக்குக் கிளறிக்கினு," என்றார். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. எங்கள் பள்ளியில் பெண்கள் அரை மைல் ஓடியது அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகுதான். அந்தத் தாமதத்திலும் எனக்குப் பங்கு உண்டு.

7. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் ஆம்ஸ்டர்டாம் போட்டியைப் பற்றிய முழு விவரத்தையும் படித்தேன். ஓடிய பெண்கள் எல்லாருமே ஓட்டத்தை முடித்திருக்கிறார்கள். முதலில் வந்தவர் உலக சாதனை படைத்திருக்கிறார். ஓடி முடித்த களைப்பில் சிலர் தரையில் சாய்ந்திருக்கிறார்கள். எந்த ஆணும் செய்வதுதான். பத்திரிகைக்காரர்கள் சாய்ந்ததை மட்டும் எழுதினார்கள். அந்த எழுத்தை நம்பி முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு வாசலைச் சாத்திவைத்தார்கள். எங்கள் விரிவுரையாளர் அதை நடித்துக் காட்டினார். நான் அதைச் செஞ்சியில் ஒரு பெண்ணின் மேல் போட்டேன். அந்தப் பத்திரிகைக்காரர்களை என்னால் திட்ட முடியவில்லை. அவர்கள் செய்ததைத்தான் நானும் செய்தேன், நேரில் பார்த்துக்கொண்டே.

நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும், அந்த ஊர்ப் பிள்ளைகள் எப்போது சாப்பிடுகிறார்கள், என்றைக்குச் சாப்பிடமாட்டார்கள் என்பதை முதல் வாரத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் ஏன் என்று கேளுங்கள். கூட்டத்தில் கேட்காமல் தனியாகக் கேளுங்கள். ஓடி முடித்த பிள்ளை விழுந்தால், தண்ணீர் தெளித்து நிமிர்த்தியதும், சுற்றி நிற்கிறவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால், அந்தப் பிள்ளை எத்தனையாவதாக வந்தது என்பதை எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள். அது உங்கள் வேலை. எனக்கும் அன்று அதுதான் வேலை. நான் செய்யாமல் விட்டதை இங்கே செய்கிறேன்.

பெண்கள், அரை மைல். முதலிடம், ராஜமதி.